களத் தகவல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவள் முழங்கால் எப்படி? உன் தலைவலி?

போனை விசாரணைக்காரர்கள் உறையிலிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். கணினியையும். அதனால் கடிதம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் பேனா பிடித்து இவ்வளவு எழுதியதில்லை.

செய்தியில் பார்த்திருப்பாய். டி.சி. லைனுக்குக் கீழே வளர்ந்த மரத்தைக் கழிக்கப் போனார்கள். ஷிஃப்டில் நான். பெர்மிட்டில் என் கையெழுத்து. லைன் ஓடும்போதே வெட்டுவது வழக்கம்தான். கிளையைக் கயிற்றால் மறுபக்கம் இழுத்துக் கட்டிவிட்டு வெட்டுவார்கள். கிளை பிய்ந்து, சுழன்று, கம்பிப் பக்கம் போனது. மரத்தில் நெட்டையன் இருந்தார். அவரை உனக்குத் தெரியாது. எங்கள் ஸ்டோர் ரூம் வாசலில் குனிந்து நுழைகிற ஒரே ஆள்.

கண்ணிமைக்கும் நேரத்தில் லைன் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஒரு விநாடிக்கு மேல் மின்சாரம் மரத்தின் வழியாகப் போனது. அவர் வழியாகவும்.

ஏன் தாமதம் என்பதுதான் விசாரணை. அதிகாரி ஒருவர் தாளில் வரைந்து காட்டினார். பழுது வந்தால் மின்னழுத்தக் கோடு செங்குத்தாக விழும். அந்தச் செங்குத்தைப் பார்த்துத்தான் ரிலே பெட்டி லைனைக் கொல்லும். அன்று பதிவான கோடு சரிவாக இருக்கிறது. ரிலே அதைப் பழுதாகவே எண்ணவில்லை. இதற்கு இரண்டே காரணம். மரம் மின்சாரத்துக்குக் கடினமான பாதை, அதனால் கோடு உண்மையாகவே சரிவாக விழுந்திருக்கலாம். அப்படியென்றால் அந்தச் சரிவைப் பிடிக்கும்படி செட்டிங் வைக்காதது தவறு. அல்லது கோடு செங்குத்தாகத்தான் விழுந்தது. மின்னழுத்தத்தை அளந்து சொல்லும் பீங்கான் தூண், எங்கள் டிவைடர், மந்தமாகி அதைச் சரிவாகக் காட்டிவிட்டது. அப்படியென்றால் தவறு என்னுடையது. டிவைடர் என் பொறுப்பு. வேலை போகும். வழக்கும் வரும்.

செட்டிங்கைச் சோதித்துக் கையெழுத்திட்டது நீ. நான் அவர்களிடம் சொன்னேன்: "செட்டிங்ல தப்பு இருக்காது சார். அந்த லேப் எனக்குத் தெரியும்." உன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

அன்றைய பழுதைச் சிமுலேட்டரில் மறுபடி ஓட்டிப் பார்க்க உங்கள் ஆய்வகத்திடமே கொடுத்திருக்கிறார்களாம். நாட்டில் வேறு யாரிடமும் அந்த இயந்திரம் இல்லையாமே. யார் செய்கிறார்கள்?

உன்
தம்பி

•

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அம்மா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். முழுதும் வாசிக்க வேண்டியதாயிற்று. கேட்டு முடித்து, "இவ்ளோ எழுத நேரம் இருக்கறவனுக்கு முகத்தை மழிக்க நேரம் இருக்கும். தாடியோட விசாரணைக்குப் போய் நிக்க வேணாம்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். அவள் முழங்கால் அப்படியேதான். மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். திட்டாமல் ஏறுகிற நாளில்தான் வலி அதிகம் என்று கண்டுபிடித்திருக்கிறேன். எனக்கு இப்போது தலைவலி இல்லை.

நீ என் அறைக்கு வந்ததே இல்லை. ஜன்னல் கிடையாது. இயந்திரங்களுக்காகக் குளிரூட்டுகிறார்கள், நாங்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்கிறோம். உங்கள் நிலையத்தில் இருக்கிற அதே ரிலே என் மேசையிலும் இருக்கிறது. அதன் வயர்களை எடுத்துச் சிமுலேட்டரில் செருகியிருக்கிறேன். சிமுலேட்டருக்குள் ஒரு லைன் ஓடுகிறது. எல்லாம் எண்கள். மின்னல் ஒரு எண், அறுந்த கம்பி ஒரு எண், மரம் ஒரு எண். ரிலேவுக்கு இது தெரியாது. நிஜமென்று நம்பி ட்ரிப் ஆகி லைனைக் கொல்லும். காலை முதல் மாலை வரை நான் அதைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறேன். இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது, உனக்குத் தெரியும். கேள்வி கேட்கத்தான் வரும். டிவைடர் எப்படி இருந்தது? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? அவர்களிடம் சொன்ன பதில் எனக்கு வேண்டாம். என்னிடம் சொல்வதைச் சொல். முழுதாகத் தெரிந்தால்தான் உனக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

•

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மழித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல். மோவாயில் வெட்டிக்கொண்டதைச் சொல்லாதே. எங்கள் கண்காணிப்பாளர், நாங்கள் சைரன் என்று கூப்பிடுவோம், பார்த்துவிட்டு, "என்னய்யா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று வராந்தாவுக்கே கேட்கும்படி கத்தினார். இங்கே என்னிடம் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் என்னைக் கண்டால் ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுகிறார்கள்.

டிவைடர். உனக்கு மட்டும்.

போன மழைக்குப் பிறகு அது மந்தமாகிவிட்டது. பக்கத்து டிவைடர் பேசிய பிறகுதான் இது பேசும். திரையில் இரண்டு கோடுகளையும் பெரிதாக்கினால் தெரியும். உள்ளே ஈரம் புகுந்திருக்க வேண்டும். சைரனிடம் சொன்னேன். "தொறந்து பாக்கணும்னா லைனை நிறுத்தணும். நிறுத்த விடுவாங்களா? அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம், விடுய்யா." விட்டேன். ஆனால் பராமரிப்பு நடந்ததாகப் பதிவு இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. இது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். இப்போது உனக்கு.

நேற்று நெட்டையன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் செருப்பு இன்னும் இருக்கிறது. அவ்வளவு நீளமான செருப்பை நான் பார்த்ததில்லை.

"கையெழுத்துப் போட்டது நீங்கதானா?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"ஆமாங்க."

"உள்ள வாங்க."

அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நின்றிருப்பேன்.

சிமுலேட்டரில் யார் ஓட்டுகிறார்கள் என்று நீ எழுதவில்லை. உனக்குத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

தம்பி

•

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ எழுதியதை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. உனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன், கஷாயம் போடச் சொல்கிறாள்.

இன்னும் ஒன்றிரண்டு விஷயம். கிளையை எதனால் கட்டியிருந்தார்கள்? நைலான் கயிறென்றால் மின்சாரத்துக்கு மரத்தை விட்டால் வழியில்லை. இரும்புக் கம்பிக் கயிற்றை எடுத்துக் கோபுரத்தின் காலில் கட்டியிருந்தால் கதை வேறு. சுலபமான பாதை, கோடு செங்குத்தாக விழுந்தே ஆக வேண்டும். சில இடங்களில் அப்படிக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மரம் நனைந்திருந்ததா? அடியில் பாறையா, மண்ணா?

சும்மாதான் கேட்கிறேன். மனதில் ஒரு படம் இல்லாமல் எனக்கு யோசிக்க வராது.

அக்கா

•

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். சளி எல்லாம் இல்லை. அம்மாவின் கஷாயத்தை நீ குடித்துவிடு.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். விசாரணைக் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டிவைடர் பராமரிப்பைத் தள்ளிப்போட்டீங்களாமே?"

"யார் சார் சொன்னது?"

"களத் தகவல்."

"களத்துல நான்தான சார் இருக்கேன்?"

"அதனாலதான் உங்களைக் கேக்கறோம். பக்கத்து டிவைடர் பேசின பிறகுதான் இது பேசுமாமே?"

பராமரிப்பு நடந்ததாக இருக்கும் பதிவைக் காட்டினேன். குறித்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் சைரன்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். குழாயடி வரைக்கும்தான் அப்படி நினைக்க முடிந்தது. சைரனுக்கு மீட்டர், மோட்டார், மனிதர் எல்லாம் கத்தும், எதுவும் பேசாது. பேசும் என்பது என் சொல். அதை ஒரே ஒருவருக்கு எழுதியிருக்கிறேன்.

அதற்கு மேல் யோசிக்கவில்லை. வெந்நீர் வைத்துத் தலைக்குக் குளித்தேன். இரண்டு நாள் படுத்திருந்தேன். பிறகு உன் கேள்விகளுக்குப் பதில் எழுதவில்லையே என்று ஞாபகம் வந்தது.

மரம் நனைந்திருந்தது. அடியில் மண், நடுவில் பாறை. கயிறு பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அன்றைக்கு வண்டியில் நைலான் கயிறு இல்லை. இரும்புக் கம்பிக் கயிறுதான். ஒரு முனை கிளையில், ஒரு முனை கோபுரத்தின் காலில். கட்டியது மரம் வெட்டும் ஆட்களின் மேஸ்திரி. அன்று மாலை போய் நானே கண்ணால் பார்த்தேன். மறுநாள் மரத்தை வேரோடு எடுத்து எரித்துவிட்டார்கள்.

இது எனக்கு நல்லதில்லை என்று தெரியும். இருந்தாலும் உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. இன்னும் எது வேண்டுமானாலும் கேள். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன் அன்புத்
தம்பி

•

ஏப்ரல் 27

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டதும் எழுதுகிறேன். விசாரணையில் அப்படித்தான் எதையாவது சொல்லிப் பார்ப்பார்கள். குருட்டாம்போக்கில் ஒரு கல். மனதில் வைத்துக்கொள்ளாதே.

அம்மா நலம். உனக்கு ஒரு சட்டை எடுத்தோம். நிறம் அவளுடைய தேர்வு, என்னைத் திட்டாதே. "வெள்ளை வேணாம், குத்தவாளி மாதிரி இருக்கும்" என்றாள். நீலம் அனுப்பியிருக்கிறேன்.

இனி அந்த விஷயத்தைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். என் கடிதங்களை வைத்திருந்தால் கிழித்துவிடு. உன்னுடையவற்றை நானும் கிழித்துவிட்டேன்.

மனதைத் தளரவிடாதே. என்ன ஆனாலும் நீ எங்களோடு வந்து இருக்கலாம். மாடி அறையைக் காலி செய்து வைக்கிறேன். இரண்டு நாளாக எனக்கு நல்ல தூக்கம்.

அக்கா

•

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சட்டை தோளில் கொஞ்சம் இறுக்கம், பரவாயில்லை.

மேஸ்திரியைப் போலீஸ் கூட்டிப் போய் மூன்று வாரம் ஆகிறது. கம்பிக் கயிறு கட்டி ஆளைக் கொன்றதாக வழக்கு. அறிக்கையில் அப்படி இருக்கிறதாம். சைரன் படித்திருக்கிறார். "யாரோ ஒரு அம்மா எழுதியிருக்கு. பக்கத்துக்குப் பக்கம் களத் தகவல், களத் தகவல். கயிறும் களத் தகவல், டிவைடரும் களத் தகவல். உனக்கும் சேர்த்துத்தான்யா குழி."

மேஸ்திரியின் மனைவி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என்ன கயிறு கட்டினாருன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"விசாரணை நடக்குதும்மா. நான் பேசக்கூடாது."

"தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"பேசக்கூடாதும்மா."

போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மெதுவாக, சத்தமில்லாமல்.

நேரடி விசாரணை இருபத்து நான்காம் தேதி. அறிக்கை எழுதியவரும் வருவாராம். நீலச் சட்டையைப் போட்டுக்கொள்வேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி

•

ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். பயணம் சௌகரியமா?

நீ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பின்னால் நடந்தது தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

தலைவர் முதலில் உன்னைப் பேச விட்டார். நன்றாகப் பேசினாய். கம்பிக் கயிறு, சுலபமான பாதை, கோடு செங்குத்தாக விழ வேண்டும், பதிவில் சரிவு, ஆகவே டிவைடர். திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்தன. என் பக்கத்தில் இருந்தவர் "அடேயப்பா" என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிறகு போலீஸ்காரர் ஒரு சாக்கு மூட்டையை மேசையில் வைத்து முத்திரையை உடைத்தார். கயிறு. நைலான். ஒரு முனை கருகியிருந்தது.

மேஸ்திரி சிரித்தார். அவர் எனக்குப் பின் வரிசையில். அந்த மூட்டை முதல் நாளிலிருந்து அவரை அடைத்து வைத்திருந்த அறைக்கு எதிர் அலமாரியில் இருந்திருக்கிறது. "அதுக்குள்ளதான் இருக்கு, பிரிச்சுப் பாருங்கய்யான்னு தினம் சொன்னேன். சீலை உடைக்க ஆர்டர் இல்லன்னாங்க" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டை கட்டியபோது நானும் அங்கே நின்றிருந்தேன்.

"கம்பிக் கயிறுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று தலைவர் கேட்டதும் நீ திரும்பினாய். மூன்றாவது வரிசை. நீலச் சட்டை. என்னை நன்றாகப் பார்த்தாய். விசாரணையில் நிற்கிறவனோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று உன்னால் அங்கே சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும்.

"ஞாபகமில்லை" என்றாய்.

"அப்ப மத்த களத் தகவலெல்லாம்?"

அவர் பேனாவை எடுத்து வரிசையாக அடித்துக்கொண்டே போனார். டிவைடரையும் அடித்தார். அது உண்மை. அதுவும் போயிற்று.

நெட்டையன் மனைவி கடைசி பெஞ்சில் இருந்தாள். "அப்ப யாருதாங்க கொன்னது?" என்று போலீஸ்காரரைக் கேட்டாள். "இன்னும் முடிவாகலம்மா, சாயங்காலம் சொல்வாங்க" என்றார். சாயங்காலமும் சொல்லவில்லை.

என்னை வேலையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வாசலில் சைரன் என் தோளைத் தட்டி, "அந்தம்மா மூக்கும் உன் மூக்கும் ஒரே அச்சுய்யா" என்றார். இந்த முறை கத்தவில்லை.

உன் பின்கழுத்தில் இவ்வளவு நரை இருப்பது எனக்குத் தெரியாது. தலைவலிக்கு மருந்து எடுத்துக்கொள்.

தம்பி

•

ஆகஸ்ட் 10

என் மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் பக்கத்து வீட்டு டீச்சர். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லி உத்தரவு. பிழைகளுக்கு நான் பொறுப்பில்லை.

எப்படிடா இருக்கே? சளி விட்டுச்சா? ரெண்டு மாசமா உன்கிட்டேருந்து ஒரு வரி இல்ல. உங்க அக்கா வேலைக்குப் போறதில்ல. கேட்டா லீவுங்கறா. ஆபீஸ்லேருந்து அவ சாமானெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில வந்துது. லீவுக்குப் பெட்டி அனுப்புவாங்களாடா? மாடி அறையில உக்காந்து தாள் தாளா எதையோ கிறுக்கறா. சாப்பிடக் கூப்பிட்டா, "நீ சாப்பிடு"ங்கறா. முந்தாநாள் உன் பேரை எடுத்தேன். தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா.

நீ ஏதாவது சொன்னியா? அவ ஏதாவது சொன்னாளா? சின்ன வயசுலயும் இப்படித்தான், அடிச்சுக்கிட்டு ரெண்டும் வாயைத் திறக்காது. அப்ப ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு வெப்பேன், யாரு செஞ்சதுன்னு கேக்கவே மாட்டேன். இப்ப எட்டல.

டீச்சர், இதையும் எழுதுங்க. தொலைஞ்சு போங்க ரெண்டு பேரும். போறதுக்கு முன்னால ஒரு தடவை வந்துட்டுப் போ.

அம்மா

•

செப்டம்பர் 8

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் கடிதம் வந்தது. டீச்சருக்கு நன்றி சொல்.

இதை எழுதக்கூடாது என்று பல நாள் இருந்தேன். மழை முடிந்து மரங்கள் மறுபடி வளர்ந்துவிட்டன. கழித்தே ஆக வேண்டும். லைனை நிறுத்த அனுமதி இல்லை. செட்டிங்கைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வேறு ஆய்வகம் வரப்போகிறதாம், அதற்கு இன்னும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இடைக்காலமாக நிலையமே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு. போடும் பொறுப்பு எனக்கு. கோடு எவ்வளவு செங்குத்தாக விழுந்தால் ரிலே பிடிக்க வேண்டும் என்கிற அந்த எண் இப்போது 50. அது குருடு என்று எல்லோருக்கும் தெரியும்.

"உங்க அக்காவைக் கேளு. ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இனிமே என்ன வெக்கம்" என்கிறார் சைரன்.

மரத்தில் ஏறப்போவது மேஸ்திரி. நெட்டையன் இடத்துக்கு வர ஆள் கிடைக்கவில்லை.

எனக்காகக் கேட்கவில்லை. ஒரு எண் வேண்டும்.

தம்பி

•

செப்டம்பர் 20

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ மேஸ்திரியைச் சொன்னதால் பதில் எழுதுகிறேன்.

இரண்டு எண்கள் இருக்கின்றன. டிவைடர் நன்றாக இருந்தால் 40. மந்தமாக இருந்தால் 24.

இரண்டும் சரியானவை. அறிக்கைக்காகச் செய்ததில்லை. என்னை வெளியே அனுப்புவதற்கு முந்தைய வாரம் நைலான் கயிற்றை வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். நனைந்த மரம், காய்ந்த மரம், பாதி ஒடிந்த கிளை, பாறை, மண். டிவைடர் நன்றாக இருந்திருந்தால், என் 50 கூடத் தாமதமாகவாவது பிடித்திருக்கும். 50 இருந்த இடத்தில் 24 இருந்திருந்தால், உன் மந்தமான டிவைடரோடும் பிடித்திருக்கும். அன்று பதிவான கோடு, இரண்டு தவறையும் சேர்த்துப் போட்டபோதுதான் பொருந்தியது. வேறு எப்படியும் பொருந்தவில்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க அங்கே யாரும் இல்லை, வீட்டுக்கு வந்து கணக்கை மறுபடி கையால் போட்டுப் பார்த்தேன். அதேதான்.

நல்ல டிவைடருக்கு 24 போட்டால் தூரத்து மின்னலுக்கெல்லாம் லைன் சாகும். மந்தமான டிவைடருக்கு 40 போட்டால் ரிலே பழைய குருடுதான், 50 இருந்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

எண்ணை மாற்றுகிறவரின் பெயர் பேனலில் பதிவாகும், உனக்குத் தெரியும். 24 என்று போடுகிறவன் டிவைடர் மந்தம் என்று எழுதிக் கொடுப்பவன். புதிய ஆய்வகத்துக்காரர்கள் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் பார்ப்பேன். பிறகு பராமரிப்புப் பதிவைக் கேட்பார்கள். பிறகு உன் கையெழுத்தை.

ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதியிருக்கலாம். எதை எழுதியிருந்தாலும் நீ போட்டிருப்பாய். யோசித்துப் பார்த்துவிட்டு இரண்டையும் எழுதுகிறேன்.

டிவைடர் எப்படி இருக்கிறது என்று நான் இந்த முறை கேட்கவில்லை. பதில் எழுத வேண்டாம்.

அக்கா

•

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் விரும்புகிறேன். பதில் வேண்டாம் என்றாய். கிடைத்தது என்றாவது சொல்ல வேண்டாமா.

இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருந்தேன். மூன்று நாள் இருந்தது. இன்று காலை சைரன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எதுய்யா?"

"நாப்பது சார்."

"அப்ப அந்த இன்னொண்ணு?"

"அது வேற நிலைமைக்கு சார்."

டிவைடரைப் பற்றி அவருக்கும் தெரியும், அவருக்கும் ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது. "சரியா இருக்கும்ல?" என்றார்.

"அக்கா பொய் சொல்ல மாட்டா சார்."

நாற்பது போட்டுவிட்டேன். பேனலில் என் பெயர் பதிவாகியிருக்கிறது. எங்கள் டிவைடர் நன்றாக இருக்கிறது.

மேஸ்திரி பெர்மிட் வாங்க வந்தார். சிறையிலிருந்து வந்த பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை. கயிற்றைத் தோளில் போட்டிருந்தார். புதுசு.

"பெட்டியெல்லாம் சரி பண்ணிட்டாங்களா சார்? இந்தத் தடவை பயமில்லையே?"

"எல்லாம் மாத்தியாச்சு. தைரியமா ஏறுங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வண்டி இப்போதுதான் கேட்டைத் தாண்டிப் போகிறது.

உன்
தம்பி